‘முடியாது’ என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் கேப்டனுக்குச் சம்பளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் சென்ற வாரம் வெளியான கடல்சார் வேலைவாய்ப்புகள் பற்றிய கட்டுரையை, விடுப்பில் தூத்துக்குடிக்கு வந்திருக்கும் நான் இரண்டு முறை வாசித்தேன். எந்தப் படிப்பில் சேர வேண்டும், எந்தத் தேர்வுக்குப் பின் எந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்பதையெல்லாம் கட்டுரையாளர் பொறுப்போடு திரட்டித் தந்திருக்கிறார். ஆனால் கடல் நடுவே எண்ணெய்த் தளங்களுக்காக ஓடும் ஆஃப்ஷோர் கப்பல்களுக்கு அவர் ஒதுக்கிய ஒரே பத்தியில், கரைக்கு அருகிலேயே வேலை, அலைச்சல் குறைவு, பெரிய கப்பல்களில் உள்ள ஆபத்து இதில் இல்லை என்று மூன்று செய்திகள் இருந்தன. பக்கத்தில் அச்சாகியிருந்ததோ பெட்டி பெட்டியாக அடுக்கிய கன்டெய்னர் கப்பலின் படம். படத்தை விட்டுவிடலாம். மூன்று செய்திகளில் முதலாவது பாதி உண்மை. மற்ற இரண்டும் அந்தப் பாதி கூட இல்லை. பதினெட்டு ஆண்டுகள் இக்கப்பல்களிலும், அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் கேப்டனாகவும், பெரும்பாலும் மும்பைக்கு மேற்கே உள்ள எண்ணெய் வயல்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1974-இல் ‘சாகர் சாம்ராட்’ என்ற துளையிடும் தளம் எண்ணெய் கண்ட மும்பை ஹை வயல், கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மும்பைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள நவாவில் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால், எங்களுடையதைப் போன்ற கப்பலுக்கு அது ஒன்பது பத்து மணி நேர ஓட்டம். கப்பல் அறுபது எழுபது மீட்டர் நீளந்தான் இருக்கும். முன்பக்கம் நாலு மாடி வீடு போல உயர்ந்தும், பின்பக்கம் திறந்த லாரியைப் போலத் தட்டையாகவும் கிடக்கும். அந்தத் தட்டையான தளத்தில் துளையிடும் குழாய்களும் உணவுப் பெட்டிகளும் போகும்; அதற்குக் கீழே உள்ள தொட்டிகளில் டீசல், குடிநீர், சிமென்ட், பேரைட் பொடி, துளையிடப் பயன்படும் சேறு ஆகியவை போகும். கடலுக்குள் இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு சிற்றூருக்கு மளிகைக் கடையும், தண்ணீர் லாரியும், பெட்ரோல் பங்க்கும், தேவைப்பட்டால் ஆம்புலன்ஸும் நாங்கள்தான்.

வேலையின் கடினமான பகுதி இந்தப் பத்து மணி நேர ஓட்டத்தில் இல்லை. அது தளத்தைச் சுற்றியுள்ள 500 மீட்டர் வட்டத்துக்குள் நுழையும்போது தொடங்குகிறது. பெரிய சரக்குக் கப்பலின் கேப்டன் கரை, பாறை, பிற கப்பல் எதையும் நெருங்காமல் இருப்பதற்கே பாடுபடுகிறார். எங்களை அமர்த்துவதே நெருங்குவதற்காகத்தான். கப்பலின் பின்பக்கத்தைத் தளத்துக்குக் காட்டி, பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளியில், நங்கூரமும் கயிறும் இல்லாமல், ஐந்தாறு மணி நேரம் அதே இடத்தில் நிற்க வேண்டும். தலைக்கு மேலே கிரேன் ஆடும். கீழே இரண்டு பேர் கொக்கி மாட்டிக்கொண்டிருப்பார்கள். எதிரே எரிவாயு ஓடும் குழாய்கள் தெரியும்.

அவ்வாறு நிற்க வைப்பதற்கு டைனமிக் பொசிஷனிங், அதாவது நாங்கள் டி.பி. என்று சொல்லும் கணினி ஏற்பாடு உண்டு. செயற்கைக்கோளிலிருந்தும் லேசர் கதிரிலிருந்தும் தன் இடத்தையும், கைரோவிலிருந்து தன் திசையையும், காற்றுமானியிலிருந்து காற்றையும் அறிந்து, முன்னும் பின்னும் உள்ள த்ரஸ்டர்களுக்கு, அதாவது கப்பலை எப்பக்கமும் தள்ளும் உந்து விசிறிகளுக்கு, நொடிக்கு நொடி அது கட்டளை இடும். அற்புதமான கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் திரையில் ‘கரன்ட்’, அதாவது நீரோட்டம் என்ற பெயரில் ஓர் எண் தெரியும். அந்த எண் உண்மையில் நீரோட்டம் மட்டும் அன்று. காற்றின் விசையைக் கழித்த பின் கணக்குக்கு அடங்காமல் மிஞ்சும் அலை, நீரோட்டம், அளவீட்டுப் பிழை அத்தனைக்கும் சேர்த்து அந்தக் கணினி வைத்திருக்கும் பெயர் அது. நாட்டுப் படகில் கடலுக்குப் போன என் தந்தையிடம் இதை ஒருமுறை விளக்கினேன். எங்கள் கரையில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். ‘தெரியாததுக்கெல்லாம் நீவாடுன்னு பேரு வச்சிருக்கானா? அப்ப நீதாம்ல பாத்துக்கிடணும்’ என்றார். டி.பி. பயிற்சி வகுப்பில் ஒரு வாரம் சொல்லித்தந்ததும் ஏறக்குறைய இதுதான்.

பார்த்துக்கொள்ள வேண்டியவற்றில் முதன்மையானது, எந்தப் பக்கம் நிற்பது என்பது. காற்றும் நீரோட்டமும் கப்பலைத் தளத்திலிருந்து விலக்கித் தள்ளும் பக்கத்தில் நின்றால், இயந்திரம் நின்றுபோனாலும் கப்பல் தானாக விலகிப் போகும். எதிர்ப்பக்கத்தில் நின்றால் அதே கோளாறு நம்மைத் தளத்தின் மேலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். படிப்பவர்களுக்கு இது சிறுபிள்ளைப் பாடமாகத் தோன்றலாம். ஆனால் மும்பையை மூழ்கடித்த 2005 ஜூலை 26 மழைக்கு மறுநாள், மும்பை ஹை வடக்குத் தளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அருகில் வேலை செய்துகொண்டிருந்த பல்நோக்குத் துணைக் கப்பலில் சமையல்காரர் ஒருவருக்குக் கைவிரல்களில் காயம். மழையால் ஹெலிகாப்டர் வர வழியில்லை. காற்று மறைவுப் பக்கத்துக் கிரேன் வேலை செய்யாததால், காற்று தள்ளிக்கொண்டு வரும் பக்கமாகவே கப்பல் தளத்தை நெருங்கியது. அதன் த்ரஸ்டர் ஒன்றிலும் கோளாறு இருந்தது. காயம்பட்டவரைக் கூடையில் ஏற்றித் தளத்துக்கு மாற்றியும் ஆயிற்று. அதன் பிறகுதான் கப்பல் அலையில் தூக்கப்பட்டு, அதன் ஹெலிகாப்டர் மேடை தளத்தின் எரிவாயுக் குழாயில் மோதியது. இரண்டு மணி நேரத்துக்குள் தளமே தீயில் அழிந்தது. 362 பேர் மீட்கப்பட்டார்கள். 22 பேர் உயிரிழந்தார்கள். சில நாட்களில் கப்பலும் மூழ்கியது. தொடங்கியது ஒரு சமையற்கட்டுக் காயத்தில் என்பதை இளைய அதிகாரிகளுக்கு நான் எப்போதும் சொல்வேன். அங்கே நின்றவர்கள் எவரும் மூடர்கள் அல்லர். அடிபட்டவருக்கு உதவத்தான் நினைத்தார்கள். ‘இப்போது வேண்டாம்’ என்ற சொல் அவ்வாறான வேளையில் வாயில் வருவது எவ்வளவு கடினம் என்பது, அந்த இடத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரியும். நான் கேப்டனாகி இரண்டாம் ஆண்டு, ஜூலை மாதத்தில் ஒரு பிற்பகல். மூன்று நாட்களாகக் கடல் குமுறியதால் தளத்துக்குத் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. நான்காம் நாள் சற்றுத் தணிந்தது. எங்கள் கப்பலுக்கு வகுத்திருந்த எல்லை இரண்டரை மீட்டர் அலை; அன்று அதற்குச் சற்றுக் கீழே இருந்தது. உள்ளே போனோம், குழாயை மாட்டினோம், மூன்று மணி நேரத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. வெளியே வருவதற்கு அனுமதி கேட்டபோது, காலி உணவுப் பெட்டி ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகுமாறு ரேடியோவில் சொன்னார்கள். ‘ஒரே ஒரு லிஃப்ட்தான் கேப்டன், பத்து நிமிடம்.’ கண்ணாடிக்கு முன்னால் வைத்திருந்த என் தேநீர்க் குவளை அதற்கு முன் இரண்டு முறை நழுவி விளிம்புக்குப் போயிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு முன் அது அசையவே இல்லை. கருவிகள் எல்லைக்குள் என்று காட்டின. குவளை வேறொன்றைக் காட்டியது. நான் சரி என்றேன்.

மாலுமிகளின் தலைவரான போசனும் ஒரு மாலுமியும் கப்பலின் பின்தளத்தில் நின்றார்கள். பெட்டி இறங்கி வரவும் கப்பலின் பின்பக்கம் மேலே எழவும் சரியாக இருந்தது. பின்தளத்தில் மோதிய பெட்டி ஒரு முழம் எகிறி, அரைவட்டம் சுழன்று, பக்கவாட்டுத் தடுப்பு இரும்போடு அந்த மாலுமியின் வலக்காலைச் சேர்த்து அழுத்தியது. போசன் கத்தியது கண்ணாடிக்குள் எனக்குக் கேட்கவில்லை. அவர் வாய் திறந்திருந்ததைத்தான் பார்த்தேன். பிறகு அந்தக் காலணியைப் பார்த்தேன். முனையில் இரும்புத் தகடு வைத்த பாதுகாப்புக் காலணி, மிதிபட்ட தகர டப்பாவைப் போல மடங்கியிருந்தது. ஹெலிகாப்டர் அன்று இல்லை. வலிமருந்து ஊசி போட்டு, பத்து மணி நேரம் ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்தோம். நாகர்கோவில் பக்கத்துப் பையன். இரண்டு விரல்கள் போயின. விபத்து அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில், ‘பளு இறங்கும்போது தொழிலாளி பாதுகாப்பான தொலைவில் நிற்கவில்லை’ என்று எழுதப்பட்டது. அதில் நானும் கையெழுத்திட்டேன். அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டியது, கேப்டன் ‘சரி’ என்றார் என்பதுதான்.

கேப்டனுக்கு மறுக்கும் உரிமை இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக உண்டு. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயத்தில் 34-1 என்றொரு விதி இருக்கிறது. உயிர்ப் பாதுகாப்புக்கும் கடற்சூழல் பாதுகாப்புக்கும் தேவை என்று கேப்டன் தன் தொழிலறிவால் கருதும் எந்த முடிவையும், கப்பல் உரிமையாளரோ, வாடகைக்கு எடுத்தவரோ, இயக்கும் நிறுவனமோ தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அவ்விதியைக் கப்பல் நிறுவனங்கள் தங்கள் கையேட்டின் முன்பக்கங்களிலேயே அச்சிட்டு வைத்திருக்கின்றன. யாரும் அதை மீறுவதில்லை. மீறுவதற்கு அவசியமே நேர்வதில்லை என்பதுதான் உண்மை.

அடுத்த ஆண்டு இதே போன்ற இன்னொரு நாளில், வேறொரு தளத்தில் நான் முடியாது என்றேன். யாரும் திட்டவில்லை. வாடகையையும் பிடிக்கவில்லை. அன்றிரவு கரையிலிருந்து தொலைபேசியில் மிக மரியாதையாக, ‘கேப்டன் சாப், உங்கள் முடிவை முழுதும் மதிக்கிறோம், பக்கத்துக் கப்பல் எப்படிப் போனது என்று மட்டும் புரிந்துகொள்ள விரும்புகிறோம்’ என்றார்கள். மாத இறுதி மதிப்பீட்டுத் தாளில் ‘ஒத்துழைப்பு’ என்ற தலைப்பின் கீழ் ஒரு மதிப்பெண் குறைந்தது. ஒப்பந்த நீட்டிப்புப் பேச்சு வந்தபோது அந்தத் தாள் மேசையில் இருந்ததாகப் பின்னர் அறிந்தேன். கப்பல் வேறு வேலைக்குப் போயிற்று. எனக்கு அடுத்த அழைப்பு வர ஐந்து மாதங்கள் ஆயின. எங்களில் பெரும்பாலோருக்கு நிரந்தர வேலை என்பது கிடையாது. மூன்று மாதம், நான்கு மாதம் என்று கப்பலுக்குக் கப்பல் கையெழுத்திட்டு ஏறுகிறவர்கள். வங்கிக் கடனும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் உள்ளவனுக்கு, 34-1ஆம் விதியைக் காட்டிலும் அந்த ஒரு மதிப்பெண் உரக்கப் பேசும்.

களைப்பையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கப்பலில் மொத்தம் பன்னிரண்டு, பதினான்கு பேர். கேப்டனும் தலைமை அதிகாரியும் ஆறு மணி நேரம் பணி, ஆறு மணி நேரம் ஓய்வு என்று மாறி மாறி நிற்கிறோம். கடல் தொழிலாளர் உடன்படிக்கையின்படி நாளொன்றுக்குப் பத்து மணி நேர ஓய்வு கட்டாயம். பதிவேட்டில் அது தவறாமல் இருக்கும். பணி முடிந்த பின் எழுத வேண்டிய அறிக்கைகளும், ஓய்வு நேரத்தில் வரும் தளத்தின் அழைப்புகளும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ‘அலைச்சல் குறைவு’ என்று எழுதிய கட்டுரையாளர், பருவமழைக் காலத்தில் எங்கள் படுக்கையில் ஓர் இரவு படுத்துப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லை வேறு பொருளிலேனும் பயன்படுத்தியிருப்பார். பண்டிகை, திருமணம், இறப்பு, தேர்தல் நாள் எல்லாம் கடலிலேயே போவது எல்லா மாலுமிகளுக்கும் பொது என்பதால் அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லவில்லை.

பொறுப்பு ஒப்படைப்பு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2007 ஏப்ரல் 12 அன்று, ஷெட்லாந்துத் தீவுகளுக்கு மேற்கே, ஒரு துளையிடும் தளத்தின் நங்கூரத்தை நகர்த்திக்கொண்டிருந்த ‘பூர்பொன் டால்ஃபின்’ என்ற நார்வேக் கப்பல், நங்கூரச் சங்கிலியின் இழுப்பில் ஒருபக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. கப்பலில் இருந்த 15 பேரில் 8 பேர் மாண்டார்கள். கேப்டனும், கப்பல் வேலையைப் பார்ப்பதற்காக அவருடன் வந்திருந்த பதினான்கு வயது மகனும் அதில் அடக்கம். கப்பல் கட்டி முடித்து ஓராண்டுகூட ஆகவில்லை. அந்தக் கேப்டன் அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அக்கப்பலில் ஏறியிருந்தார். முந்தைய கேப்டனிடமிருந்து பொறுப்பேற்க அவருக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம் என்று நார்வே அரசு அமைத்த விசாரணைக் குழு பதிவு செய்தது. அதைப் படித்தபோது, ஒன்றரை மணி நேரமா, பரவாயில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. எனக்கு நவாவில் படகுத்துறையிலேயே இருபது நிமிடத்தில் சாவியும் கோப்பும் கைமாறிய நாட்கள் உண்டு. கப்பலின் போக்குத் தெரியாதவன், எது இயல்பு, எது அபாயம் என்று அறியாததால், மறுக்க வேண்டிய நேரத்தையும் அறியமாட்டான்.

2021 மே மாதத்து டவ்-தே புயலைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் அப்போது விடுப்பில் இருந்தேன். புயல் எச்சரிக்கை நாட்கணக்கில் முன்னதாகவே வந்துவிட்டது. பல கப்பல்கள் துறைமுகத்துக்கும் பாதுகாப்பான இடங்களுக்கும் திரும்பின. 261 பேர் தங்கியிருந்த பி-305 என்ற தங்குமிடப் பார்ஜ் வயலிலேயே இருந்தது. மே 17 அன்று நங்கூரங்கள் அறுந்து, தளமொன்றில் மோதி, மாலையில் மூழ்கியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ‘வரப்பிரதா’ என்ற இழுவைக் கப்பலும் அதே புயலில் போயிற்று. அதில் இருந்த 13 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள். யார் மீது எவ்வளவு பொறுப்பு என்பதைத் தீர்மானிப்பது என் வேலையன்று. ஒன்றை மட்டும் சொல்லலாம். அத்தகைய பார்ஜுக்குச் சொந்த எஞ்சின் கிடையாது. அதை நகர்த்த இழுவைக் கப்பல் வர வேண்டும், நங்கூரங்களை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும், கட்டிமுடிக்காத வேலையை விட்டுவிட்டுப் போகக் கரையில் உள்ளவர்கள் சம்மதிக்க வேண்டும். அங்கே ‘போய்விடுவோம்’ என்ற முடிவை மூன்று நாட்களுக்கு முன்னால், வானம் தெளிந்திருக்கும்போதே எடுத்தாக வேண்டும். வானம் தெளிந்திருக்கும்போது வேலையை நிறுத்துகிற கேப்டனுக்கு நம் நாட்டில் கோழை என்று பெயர்.

பழங்கதைகளை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் என்று கடல் காற்றாலைகள் அமைப்பதற்காக, 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மன்னார் வளைகுடாவில் அவை எழும்போது எங்களைப் போன்ற கப்பல்கள் தூத்துக்குடியிலிருந்தே கிளம்பும். என் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது நல்ல வாய்ப்பு, வரட்டும். ஆனால் காற்றாலை வேலையின் முரண் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த மாதங்களில் காற்று வலுவாக அடித்து மின்சாரம் தருமோ, அதே மாதங்களில்தான் கடலும் ஏறியிருக்கும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று வீசும்போது எங்கள் ஊர் வள்ளங்கள் எத்தனை நாள் கரையில் கிடக்கின்றன என்பதைக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காற்றாலைக்குத் தொழில்நுட்பப் பணியாளர்களைக் கொண்டுபோகும் சிறு கப்பல், தன் முன்முனையைத் தூணில் அழுத்தி நிற்க, அவர்கள் அங்கிருந்து ஏணிக்குத் தாவி ஏறுகிறார்கள். ஐரோப்பியக் கடல்களில் இதற்குப் பொதுவாக ஒன்றரை மீட்டர் அலைதான் எல்லை. எண்ணெய்த் தள வேலையில் கைமாறுவது பெட்டி. காற்றாலை வேலையில் கால் வைப்பது மனிதர்.

ஆகவே காற்றாலைகளுக்கான கப்பல் வாடகை ஒப்பந்தங்களை எழுதும்போதே இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. வானிலையைக் காரணம் காட்டிக் கேப்டன் நிறுத்திய வேலை, கப்பலின் மதிப்பீட்டிலோ ஒப்பந்த நீட்டிப்பிலோ எவ்வகையிலும் கணக்கில் எடுக்கப்படக் கூடாது என்பது ஒன்று. புதிதாக ஏறும் கேப்டன், பழைய கேப்டனோடு குறைந்தது ஒருநாள் முழுதும் கடலில் வேலை பார்த்த பிறகே பொறுப்பேற்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஆகும் செலவு ஒருநாள் சம்பளமும் ஒரு படுக்கையும். முதலாவதற்குச் செலவே இல்லை. அதனால்தான் அது கடினமானதோ என்று சில வேளை தோன்றுகிறது. வாடகைக்கு எடுப்பவர்கள் இதை எதிர்ப்பார்கள், சோம்பேறிக் கேப்டன்கள் இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பார்கள். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஒவ்வொரு மறுப்பையும் அந்த நேரத்துக் காற்று, அலைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சோம்பேறி யார் என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அந்தப் பதிவுகள் எல்லாக் கப்பலிலும் இருக்கின்றன.

தங்கள் நிருபர்கள் இக்காற்றாலைத் திட்டம் பற்றி எழுதும்போது, எத்தனை மெகாவாட், எத்தனை கோடி என்பவற்றோடு, கப்பல் வாடகை ஒப்பந்தத்தில் இவ்விரண்டு வரிகளும் உள்ளனவா என்றும் அதிகாரிகளைக் கேட்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் இத்தொழிலில் இருப்பதாலும், வரும் மாதம் மீண்டும் கப்பலேற இருப்பதாலும் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஆஃப்ஷோர் கப்பல் கேப்டன் ஒருவர்,
தூத்துக்குடி.